காஃபிலா சென்ற வழி: லடாக்கைப் பேசும் மூன்று நூல்கள்

லடாக்கைப் பற்றி வெளிவரும் பயண நூல்களுள் பெரும்பாலானவை அதனை உலகின் கடைக்கோடி என்றே அறிமுகப்படுத்துகின்றன. சாலை போடப்பட்ட பின்னரே அங்கு வெளியுலகம் நுழைந்தது என்பது அவற்றின் துணிபு. இத்துணிபு வரலாற்றுக்கு நேர் மாறானது. இதனை அறிய மூன்று நூல்களை ஒருசேர வாசிப்பது பயன் தரும் எனக் கருதுகிறோம். குலாம் ரசூல் கல்வானின் 'சாஹிபுகளின் பணியாள்' (1923), முதலில் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அப்துல் வாஹித் ராதுவின் 'திபெத்திய காஃபிலா' (1981), ஜேனட் ரிஸ்வியின் 'இமயம் கடந்த காஃபிலாக்கள்' (1999) ஆகியன அவை. முதல் இருவரும் லடாக் மண்ணின் முஸ்லிம்கள்.

லே நகரிலிருந்து வடக்கே யார்கந்து சென்று சேர ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும். இடையில் 5,540 மீட்டர் உயரமுள்ள காரகோரம் கணவாயைக் கடந்தாக வேண்டும். கோடையில் சாசேர் பனியாற்றின் மீது ஒரு வழி. ஷயோக் ஆற்றில் நீர் வற்றி உறையும் குளிர்காலத்தில் அதன் பள்ளத்தாக்கினூடே மற்றொரு வழி. மடிந்த சுமை விலங்குகளின் எலும்புகளே வழிகாட்டும் குறிகளாகக் கிடந்தன. 1533இல் லடாக் படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில் காஷ்கர் ஆட்சியாளர் சுல்தான் சயீத் கான் இம்மலைகளில்தான் மூச்சடைத்து மாண்டார். அப்படையெடுப்பில் பங்குகொண்ட மிர்ஸா ஹைதர் துக்லத், உயர்மலைகளில் மூச்சைப் பிடிக்கும் அந்நோயை 'தம்கீரி' என்ற பெயரால் தம் 'தாரீகே ரஷீதி'யில் விவரித்துள்ளார். இத்தகைய வழியில்தான் பட்டும் நம்தாக் கம்பளமும் சரஸும் தெற்கே வந்தன. பருத்தித் துணியும் அவுரியும் பவளமும் வடக்கே போயின. மத்திய ஆசியாவின் ஹாஜிகளுள் சிலரும் இவ்வழியே லே, ஸ்ரீநகர் கடந்து பம்பாய் சென்று கப்பலேறினர். கடைக்கோடி என்று இதனையா சொல்வது?

வழி பொருளை மட்டும் கொண்டுவரவில்லை, மக்களையும் உருவாக்கியது. யார்கந்திலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வந்த வணிகர் லடாக்கியப் பெண்களை மணந்ததால் தோன்றிய சமூகமே அர்கோன். திபெத்தியர் முஸ்லிமைக் குறிக்க வழங்கும் 'கச்சே' என்ற சொல்லிலும் காஷ்மீரின் பெயரே ஒளிந்திருக்கிறது. 1684ஆம் ஆண்டின் திங்மோஸ்காங் உடன்படிக்கைப்படி லடாக்கின் பௌத்த அரசர் மூன்றாண்டுக்கு ஒருமுறை லாசாவுக்குக் காணிக்கைத் தூது அனுப்பலானார். 'லோப்சக்' எனப்பட்ட அத்தூதுக்குப் பிற்காலத்தில் தலைமை தாங்கியோர் ராது குடும்பத்தார் போன்ற முஸ்லிம் வணிகரே. அலிகரில் கல்வி பயின்ற அப்துல் வாஹித் ராது 1942இல் சென்ற கடைசி லோப்சக்கில் உடன் சென்றவர். பௌத்தப் பெருவிழாவுக்குரிய காணிக்கையை ஒரு முஸ்லிம் சுமந்து செல்வது பற்றி நம் மாணவர்களிடம் சொன்னால் அவர்கள் உடனே ஃபத்வா நூல்களைப் புரட்டத் தொடங்குவர். ராதுவோ அதனைத் தம் குடும்பத்தின் கண்ணியமாகவே காண்கிறார்.

ராதுவின் நூல் அழகானது. எனினும் அதன் அழகில் நாம் மயங்கிவிடலாகாது. அதற்கு எழுத்துருவம் தந்தவர் ரோஜே து பாஸ்கியே என்ற சுவிஸ் முஸ்லிம் எழுத்தாளர். நவீனம் என்பதே வீழ்ச்சி, மரபு அனைத்தும் புனிதம் என்ற ஐரோப்பியச் சிந்தனைப் பள்ளி ஒன்றின் சாயல் நூல் முழுதும் படிந்துள்ளது. லோப்சக் கடந்து சென்ற திபெத்திய ஊர்களின் குடியானவர் கூலியின்றிச் சுமை விலங்குகளும் ஆட்களும் தரக் கடமைப்பட்டிருந்தனர். 'உலக்' என்பது அவ்வழக்கின் பெயர். காஃபிலாவின் தலைவர் குதிரை மீதிருந்து கண்ட உலகத்தை ராது எழுதினார். சுமந்தவரின் உலகம் அதில் பேசவில்லை. பழைய வழியின் மேன்மையைப் பாடும் எவரும் இக்கணக்கையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே நம் நிலைப்பாடு.

அவ்விடத்தில்தான் கல்வான் வருகிறார். வறுமையில் பிறந்து, சிறு வயதிலேயே கூலிக்குச் சென்று, யங்ஹஸ்பண்ட், டன்மோர் பிரபு, லிட்டில்டேல் முதலிய வெள்ளையருடன் மலைகளை அளந்தவர். நடந்தவாறே கற்ற ஆங்கிலத்தில் தம் கதையைச் சொன்னார். பதிப்பித்த அமெரிக்கப் பெண்மணி அம்மொழியைத் திருத்தாமலே விட்டார். முன்னுரை எழுதியவர் யங்ஹஸ்பண்ட். கொச்சை மொழியை ரசித்து மகிழும் மேட்டிமை அதில் இல்லாமலில்லை. ஆயினும் அதனாலேயே அவரது குரல் கலப்பின்றி நமக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் அவர் லே நகரின் அக்சகாலாக உயர்ந்தார். 'வெண்தாடி' எனப் பொருள்படும் இத்துருக்கிச் சொல் வணிகர் விவகாரங்களைக் கவனித்த அலுவலரைக் குறிப்பது.

கல்வான் வழிகாட்டிச் சென்ற பயணங்கள் வெறும் வேட்டைப் பயணங்கள் அல்ல. அவை நிலப்படம் வரைந்தன. அந்நிலப்படங்களின் மீதே பின்னர் எல்லைகள் வழக்காயின. ஓர் ஆற்றுக்கு அவர் பெயர் இடப்பட்டது. 2020 ஜூன் 15ஆம் நாள் அந்தக் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர் 20 பேர் உயிரிழந்தனர். பெயரை உலகமே அறிந்தது. பெயருக்கு உரியவர் ஒரு நூல் எழுதியவர் என்பதை அறிந்தோர் சிலரே.

ரிஸ்வியின் நூலே மூன்றனுள் ஆய்வு நெறியில் முதன்மையானது. அவர் முதிய வணிகர்களைத் தேடிச் சென்று வாய்மொழியாகக் கேட்டுத் திரட்டினார். பெருவணிகரோடு நில்லாமல், உப்பும் பார்லியும் உலர்ந்த வாதுமைப் பழமும் மாற்றிக்கொண்ட உழவரையும் மேய்ப்பரையும், குதிரைகளை வாடகைக்கு விட்ட 'கிராயாகஷ்' மக்களையும் கணக்கில் கொண்டுவந்தார். வாடகையைக் குறிக்கும் நம் ஃபிக்ஹு நூல்களின் 'கிராஃ' என்ற சொல் அம்மலை வரை நடந்து சென்றிருப்பது நமக்குத் தனி மகிழ்ச்சி.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1948இல் கார்கில்–ஸ்கர்து வழி அடைபட்டது. 1949இல் காரகோரம் கணவாய் மூடியது. திபெத்துடனான வணிகமும் 1962 போருக்குள் முற்றிலும் நின்றது. அதன் பிறகே சாலைகள் விரைந்தன. அவை முதன்மையாகப் படைக்காக வந்தவை. சுற்றுலாப் பயணிகளுக்கு 1974இல் கதவு திறந்தது. நோயாளி ஒருவர் மருத்துவமனையை அடைய அச்சாலை உதவுகிறது என்பதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் வளர்ச்சி என்ற பெயரில் லடாக் அடைந்தது எத்தகைய சாலை என்று கேட்பதில் பிழையில்லை. 2019இல் முடிக்கப்பெற்ற 255 கிலோமீட்டர் தர்புக்–ஷயோக் சாலை, பழைய குளிர்கால வழியையே பெரும்பாலும் தொடர்கிறது. கணவாய்க்குச் சற்று முன்பாக தௌலத் பேக் ஒல்தியில் நின்றுவிடுகிறது. 'தௌலத் பேக் இறந்த இடம்' என்பது அப்பெயரின் பொருள்.

எல்லைப்புறத்துக்கு அரபி மொழியில் 'ஸக்ர்' என்று பெயர். வாய், இடைவெளி, திறப்பு என்பன அதன் பிற பொருள்கள். துறைமுகங்களையும் அச்சொல்லாலேயே குறித்தனர். இன்றைய அரபி நாளேடுகள் எல்லைக்கு எழுதுவது 'ஹுதூத்'. தடுத்தல் என்ற வேரிலிருந்து வந்த சொல் அது. வாயிற்காவலனை 'ஹத்தாத்' என்றதும் அவ்வேர் பற்றியே. லடாக் ஸக்ராக இருந்து ஹுதூதாக ஆகிவிட்ட நிலம். பெரும் படையும் அகன்ற சாலையும் அங்கு உண்டு. அப்பால் செல்லும் வணிகர் எவரும் இல்லை. வாடகைக் குதிரை ஓட்டியவரின் பேரன் இன்று சுற்றுலாவினருக்கு வாடகைக் கார் ஓட்டுகிறான். அவன் போகக்கூடிய திசை மட்டுமே குறைந்துவிட்டது.

இம்மூன்றனுள் ஒன்றைத் தமிழாக்க எவரேனும் முன்வந்தால் கல்வானையே முதலில் எடுக்குமாறு வேண்டுவோம். ஒரு நிபந்தனை: அவரது உடைந்த ஆங்கிலத்தைச் செந்தமிழாக்கிச் செப்பனிட்டுவிடக் கூடாது.