கருமருந்துத் தோட்டாவும் வெள்ளைவால் மானும்

அமெரிக்காவின் மான் வேட்டைப் பருவத்தில் பழைய கருமருந்து ரைபிளோடு காட்டுக்குப் போகிறவர்கள் சிறு கூட்டம்தான். ஆனால் மிகுந்த பற்றோடு ஒரு பழக்கத்தைக் காப்பாற்றி வருகிற கூட்டம். அவர்கள் தோட்டா தேர்ந்தெடுக்கும் முறையில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. தேர்வு செய்யும் நேரத்தில் அவர்கள் கண்முன் மான் நிற்பதில்லை. 1870களின் காட்டெருமை நிற்கிறது; இல்லாவிட்டால் பந்தய மைதானத்தில் 500 மீட்டர் தொலைவில் வைத்த இரும்புக் கடா நிற்கிறது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று மான் வேட்டை குற்றம். அமெரிக்காவில் நிலைமை வேறு. உரிமம், பருவம், எண்ணிக்கை என்று மாநில அரசுகள் வரையறுத்து நடத்தும் வேட்டை அது. துப்பாக்கி, தோட்டா விற்பனையின் மேல் வாங்கும் வரிப் பணம் 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. வேட்டை சரியா தவறா என்ற வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. சட்டப்படி ஒரு மானைச் சுடப் போகிறவர் அதை வலி நீளாமல் வீழ்த்தக் கடமைப்பட்டவர். அந்தக் கடமையை வைத்தே இந்தத் தோட்டாக்களை எடைபோடுகிறேன்.

வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10 என்ற பழைய கலவைதான் கருமருந்து. அதை அடைத்த தோட்டாக்களின் பெயரிலேயே பெரும்பாலும் கணக்கு இருக்கும். .45-70-405 என்றால் குண்டின் விட்டம் ஏறத்தாழ 0.45 அங்குலம், மருந்து 70 கிரெயின், குண்டின் எடை 405 கிரெயின். கிராமில் சொன்னால் நாலரை கிராம் மருந்து, 26 கிராம் ஈயம். 1873இல் அமெரிக்க ராணுவம் ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளுக்காக ஏற்ற தோட்டா இது. இன்றும் கடைகளில் கிடைக்கிறது. ஆள் மேல் சுடுவதற்காகப் பிறந்த ஒன்று வேட்டைக்காரர் கைக்கு வந்து நூற்றைம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

காட்டெருமைக் கதைக்கு வருவோம். 1874 ஜூனில் டெக்சஸின் அடோபி வால்ஸில் காட்டெருமை வேட்டைக்காரர் பில்லி டிக்சன் இரவல் வாங்கிய ஷார்ப்ஸ் ரைபிளால் ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் ஒரு குதிரை வீரரை வீழ்த்தியதாகச் சொல்லும் வரலாறு அந்தத் துப்பாக்கிக்கு ஒரு புராண ஒளியைக் கொடுத்தது. 1990இல் வந்த ‘குவிக்லி டவுன் அண்டர்’ என்ற திரைப்படம் .45-110 ஷார்ப்ஸை டாம் செல்லெக்கின் கையில் கொடுத்து அந்த ஒளியைப் புதுப்பித்தது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே, 1985இல், கருமருந்துத் தோட்டாக்களுக்கென இரும்பு உருவங்களைச் சுடும் தேசியப் போட்டி தொடங்கியிருந்தது. 200 மீட்டரில் கோழி, 300இல் பன்றி, 385இல் வான்கோழி, 500இல் கடா. நீண்ட கனமான குண்டு, பெரிய கூடு, துல்லியம் என்று இன்று புழங்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி இந்த மைதானத்தில் விளைந்தது. மைதானத்துக்கு அது மிகச் சரியான அறிவு. தூரம் அங்கே முன்கூட்டியே தெரியும், உருவம் அசையாது, பட்டபின் விழுந்தால் போதும்.

காட்டில் தூரம் தெரியாது. கருமருந்தின் முதல் குறை அங்கேதான் கடிக்கிறது. இந்த மருந்து குண்டைத் தள்ளும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 405 கிரெயின் குண்டு வினாடிக்கு 1,330 அடி வேகத்தில் கிளம்புகிறது. இன்றைய சாதாரண மான் ரைபிள்களின் வேகத்தில் இது பாதிகூட இல்லை. 100 கெஜத்துக்கு சைட்டைச் சரிசெய்து வைத்தால் 150 கெஜத்தில் குண்டு முக்கால் அடி தாழ்கிறது. 200 கெஜத்தில் இரண்டு அடி. மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஏறத்தாழ எட்டு அங்குல வட்டம். 150 கெஜத்தில் நிற்கும் மானை 120 என்று தப்பாகக் கணித்தால் குண்டு மார்பின் அடியைக் கிழித்துக்கொண்டு போகும்; அல்லது முன்னங்காலை ஒடிக்கும். மான் ஓடிவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து எங்கோ ஒரு புதரில் சாகும்.

இதற்கு மருந்தைக் கூட்டினால் போதும் என்று நினைப்பதுதான் ஷார்ப்ஸ் மோகத்தின் அடிப்படைத் தவறு. 70 கிரெயினிலிருந்து 110 கிரெயினுக்குப் போனால், 500 கிரெயின் குண்டுக்கு வேகம் ஏறத்தாழ நூற்றைம்பது அடி கூடுகிறது. 200 கெஜத்தில் சரிவு கொஞ்சம் குறையும், தூரத்தைத் தப்பாகக் கணிப்பவரைக் காப்பாற்றும் அளவுக்குக் குறையாது. தோள் வாங்கும் உதையோ வெகுவாகக் கூடும். ராணுவமே குதிரைப் படையின் குட்டைத் துப்பாக்கிக்கு 70ஐக் குறைத்து 55 கிரெயின் ஆக்கியது, உதை தாங்க முடியாமல்தான். உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுப்பவர் கையில் எந்தத் தோட்டாவும் நல்ல தோட்டா ஆகாது.

வேகம் வேண்டுமென்றால் 1880களின் வேட்டைக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். வின்செஸ்டர் 1886 ரைபிளுக்கான .45-90 தோட்டாவில் குண்டை 300 கிரெயினாக இளைக்க வைத்து வினாடிக்கு 1,500 அடிக்கு மேல் கொண்டுபோனார்கள். முதல் நூறு கெஜத்துக்கு இது உண்மையான ஆதாயம். குட்டைக் குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். ஆனால் மான் காட்டில் நூறு கெஜத்துக்கு மேல் யாருக்கு என்ன வேலை? இந்த வழியைப் பற்றி இன்று அதிகம் பேர் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இனி இந்தத் தோட்டாக்களின் பலம். அது சின்னப் பலம் இல்லை. நவீனக் குண்டு உள்ளே போய் மலர்ந்தபின் அடையும் அகலத்தோடு .45 குண்டு உள்ளே நுழைகிறது. இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்து வார்த்த மென்குண்டு, இந்த மெதுவான வேகத்திலும் இன்னும் கொஞ்சம் மலரும். மானின் உடலை ஊடுருவி மறுபக்கம் வெளியேறும். இரண்டு பக்கமும் அகலத் துளை இருந்தால் இரத்தத் தடம் தரையில் தெளிவாக விழும். அடிபட்ட மானைத் தேடிக் கண்டுபிடிக்க அது பெரிய உதவி. வேகக் குண்டு பட்ட இடத்தைச் சுற்றிச் சதை கன்றிக் கூழாவதுபோல இங்கே ஆவதில்லை. இறைச்சி வீணாவது குறைவு.

குண்டின் மூக்கு இங்கே தோட்டாவின் பெயரைவிட முக்கியம். போட்டிக்காரர்கள் விரும்பும் நீண்ட கூர்முனைக் குண்டு காற்றை அழகாக அறுக்கும். மானின் விலா எலும்புகளுக்கு இடையே சிறு துளை போட்டு நேராக வெளியேறவும் அதற்குத் தெரியும். தட்டை மூக்குக் குண்டு 500 மீட்டரில் தோற்கும். 80 கெஜத்தில் மானை அங்கேயே படுக்க வைக்கும். பெரும் பணம் கொடுத்து ரைபிள் வாங்குகிறவர் குண்டு வார்க்கும் அச்சை மட்டும் மைதானத்துக்காரர் பேச்சைக் கேட்டு வாங்கிவிடுகிறார்.

சட்டமும் இந்தப் பலத்தை அளக்கத் தெரியாமல் திணறுகிறது. கொலராடோவில் மானுக்கு உபயோகிக்கும் ரைபிள் தோட்டா 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலோடு இருக்க வேண்டும் என்பது விதி. .45-70 அந்தத் தூரத்தில் 1,200ஐத் தாண்டி நிற்கிறது, தேறிவிடும். .38-55 தோட்டாவின் பழைய அளவு 255 கிரெயின் குண்டு, 1,320 அடி வேகம். குழல் முனையிலேயே 987 அடி-பவுண்டுதான். தாளில் அது மானுக்குத் தகுதியற்றது. ஆனால் நூறாண்டுக்கு மேலாக மான் வீழ்த்தி வரும் தோட்டா அது. ஆற்றல் கணக்கில் வேகத்தின் வர்க்கம் பெருக்கப்படுவதால் மெதுவான கனக் குண்டு எப்போதும் குறைந்த மதிப்பெண் வாங்கும். துளையின் அகலமும் ஆழமும் அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. விதியின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். அளவுகோல் பிழையானது. ஆயினும் கொலராடோவில் வேட்டையாடுபவர் அந்த அளவுகோலுக்குக் கட்டுப்பட்டவர்.

.38-55ஐப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் சாய்வு அதன் பக்கம். பல்லார்டு ரைபிள்களில் குறி சுடும் தோட்டாவாகப் பெயர் எடுத்தது. வின்செஸ்டர் 1894 ரைபிள் வெளிவந்தபோது முதலில் ஏற்ற இரண்டு தோட்டாக்களில் இது ஒன்று, மற்றது .32-40. அடுத்த ஆண்டே இதன் கூட்டைக் கழுத்துச் சுருக்கிப் புகையில்லா மருந்து அடைத்ததுதான் .30-30. அமெரிக்க மான் வேட்டையின் போக்கையே மாற்றிய அந்தத் தோட்டாவின் தாய் இது. உதை மென்மை, ஒருவர் நாள் முழுக்கப் பயிற்சி எடுக்கலாம். துல்லியம் உண்டு. இதன் குறை கூட்டிலும் குழலிலும் இருக்கிறது. பெயரில் .38 என்றாலும் குழலின் உள்விட்டம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி 0.375 அங்குலத்திலிருந்து 0.380 வரை வேறுபடும். பித்தளைக் கூட்டின் நீளத்திலும் இரண்டு விதம். மென்ஈயத்தைக் குழலுக்குள் தட்டி அனுப்பி விட்டத்தை அளக்காமல் இதற்குக் குண்டு வாங்கக் கூடாது. அதைச் செய்யப் பொறுமை இல்லாதவருக்கு .45-70 நல்லது. கூடு, குண்டு, அச்சு எல்லாம் அதற்கு எளிதில் கிடைக்கும்.

.44-40 என்பது வின்செஸ்டர் 1873 ரைபிளின் தோட்டா. 200 கிரெயின் குண்டு, 40 கிரெயின் மருந்து. கைத்துப்பாக்கிக்கும் அதே தோட்டா என்பது அன்று பெரிய வசதி. மானுக்கு அது ஐம்பது அறுபது கெஜத்துக்குள் மட்டும். அதற்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன். .45-70இன் கூட்டைச் சுருக்கி 1887இல் வந்த .40-65 இடைப்பட்ட நல்ல தேர்வு. போட்டிக்காரர்கள் அதை மீட்டெடுத்ததற்கு நன்றி சொல்லலாம்.

கசடு பற்றிய அச்சம் வேட்டைக்காரருக்குத் தேவைக்கு மேல் ஊட்டப்படுகிறது. கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகக் குழலிலும் புகையிலும் மிஞ்சுகிறது. பத்துப் பதினைந்து குண்டு தொடர்ந்து சுடுகிற போட்டியில் அது துல்லியத்தைக் கெடுக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் குழலுக்குள் மூச்சை ஊதி ஈரப்படுத்துகிறார்கள். மான் வேட்டையில் ஒரு குண்டு, மிஞ்சினால் இரண்டு. ஆனால் அந்த ஒரு குண்டு போனபின் அன்று இரவே குழலைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; விட்டால் துரு பிடிக்கும். புகைதான் உண்மையான தொல்லை. 1898இல் கியூபாவில் .45-70 கருமருந்துத் துப்பாக்கியோடு போரிட்ட அமெரிக்கத் தன்னார்வப் படைகளை அவர்கள் புகையே எதிரிக்குக் காட்டிக் கொடுத்தது. வேட்டைக்காரருக்கு அந்த வெண்திரை, மான் எந்தப் பக்கம் ஓடியது, எப்படித் துள்ளியது என்பதை மறைக்கிறது. சுட்டவுடன் ஒரு பக்கமாக நகர்ந்து பார்க்கும் பழக்கம் வேண்டும்.

ஈயம் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மை ஆகாது. 2008இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் இறைச்சியில் ஈயத் துணுக்குகள் தெரிந்ததால் அதைக் கொட்டிவிடச் சொன்னார்கள். அதே ஆண்டு மின்னசோட்டாவில் செம்மறி ஆட்டு உடல்களைச் சுட்டுப் பார்த்தபோது, குழல்வாய் வழியே மருந்தடைக்கும் மெதுவான துப்பாக்கிகளின் குண்டுகள் வேகக் குண்டுகளைவிட மிகக் குறைவாகவே சிதறின. கருமருந்துத் தோட்டாவின் குண்டும் மெதுவானதே என்பதால் இது அதன் பக்கம் பேசும் சான்று. அதற்காகத் துணுக்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குண்டு போன வழியைச் சுற்றிச் சதையைத் தாராளமாக வெட்டி எறிவது அவசியம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த இடத்தை ஒட்டிய இறைச்சியைக் கொடுக்கவே கூடாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுக்கு முழுத் தடை. ஈயம் தின்று செத்துவந்த கொண்டோர் கழுகுகளைக் காப்பாற்றப் பிறந்த அந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன், மென்ஈயத்தை நம்பி நிற்கும் இந்தப் பழக்கத்துக்கு அங்கே ஏறக்குறைய இடமில்லாமல் போகிறது என்று தெரிந்தே.

மாநில விதிகளின் வேறுபாடு தேர்வையே புரட்டிப் போடும். 2014இல் ஒகையோ, கழுத்துச் சுருக்காத நேர்க்கூட்டுத் தோட்டாக்களை மான் வேட்டைக்கு அனுமதித்தபோது .45-70, .38-55 இரண்டும் பட்டியலில் இருந்தன. அதே ஆண்டு மிச்சிகன் தன் தென் பகுதிக்கு நேர்க்கூட்டை அனுமதித்தாலும் கூட்டின் நீளம் 1.8 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்றது. இரண்டு அங்குலத்தைத் தாண்டும் இவை இரண்டும் வெளியே நின்றன. அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டே ரைபிள் வாங்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. அடர்ந்த கிழக்குக் காடுகளில் வெள்ளைவால் மானுக்கு, சட்டம் அனுமதிக்கும் இடத்தில், தட்டை மூக்கு மென்குண்டோடு .38-55 அல்லது .40-65. விதி ஆற்றலைக் கேட்கும் மாநிலத்திலும், மானோடு எல்க் என்ற பெரிய மானையும் சுட நினைப்பவருக்கும் .45-70. அதற்கு மேற்பட்ட ஷார்ப்ஸ் தோட்டாக்கள் மைதானத்தில் இருக்கட்டும். எதை எடுத்தாலும் தூரம் 100 கெஜத்துக்குள். தூரமானியால் அளந்து உறுதி செய்தால் 125. பழைய ஸ்பிரிங்ஃபீல்டு வைத்திருப்பவருக்கு ஒரு வேண்டுகோள்: இன்று விற்கும் .45-70 பெட்டிகளில் புதிய வலுவான ரைபிள்களுக்கென அழுத்தம் கூட்டி அடைத்தவையும் கலந்திருக்கின்றன, அளவும் உருவமும் ஒன்றே. அவற்றில் ஒன்றை அந்த 1873ஆம் ஆண்டு ரைபிளில் ஏற்றினால் அது உங்கள் முகத்தருகே வெடித்துச் சிதறலாம். பெட்டியில் அச்சிட்டிருப்பதை வாசிக்காமல் தோட்டாவை உள்ளே தள்ளாதீர்கள்.