கட்டுடைப்பும் கட்டவிழ்ப்பும்

பிறமொழிக் கலைச்சொல்லைத் தமிழாக்குவோர் அதன் பொருளை மாத்திரமன்றி, அது எத்தொழிலினின்று எடுக்கப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். பிரெஞ்சு மெய்யியலாளர் ழாக் தெரிதா 1967 இல் வெளியிட்ட நூல்களாற் பரவிய 'தெகோன்ஸ்த்ருக்சியோன்' என்னும் சொல்லுக்குத் தமிழில் கட்டுடைப்பு, கட்டவிழ்ப்பு, தகர்ப்பமைப்பு எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் கட்டுடைப்பே பெருவழக்காயிற்று. வழக்கின் பெருமை பொருத்தத்துக்குச் சான்றாகாது.

தெரிதா 1983 இல் யப்பானிய அறிஞர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இச்சொல்லைத் தெரிந்தெடுத்த வரலாற்றைக் கூறுகின்றார். ஹைடெகர் ஆண்ட யேர்மன் சொற்களைப் பிரெஞ்சிலே தரவேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்றுக்கு நேரான பிரெஞ்சுச் சொல் அழிவுப் பொருளையே மிகுத்துக் காட்டியமையால் அதனை விலக்கினார். தாம் கொண்ட சொல்லுக்கு லித்ரேயின் அகராதி தரும் பொருள்களையும் எடுத்துக் காட்டுகின்றார். பொறியொன்றை வேறிடங் கொண்டுசெல்லும்பொருட்டு அதன் உறுப்புக்களைக் கழற்றுதல் ஒன்று. வாக்கியத்துச் சொற்களின் அமைப்பைக் குலைத்தல் மற்றொன்று. செய்யுளை யாப்பு நீக்கி உரைநடை போலாக்குதல் பிறிதொன்று.

பின்னைய இரண்டும் தமிழ் மாணவருக்குப் புதியனவல்ல. கொண்டுகூட்டு என நன்னூலார் வகுத்த பொருள்கோளில் உரையாசிரியர் செய்வது இதனோடொத்த தொழிலே. நச்சினார்க்கினியர் முல்லைப்பாட்டின் சொற்களைச் சேய்மையினின்று எடுத்துக் கூட்டி உரை கண்டார். மறைமலையடிகள் 1903 இல் வெளியிட்ட ஆராய்ச்சியுரையில் அதனை மறுத்தார். கழற்றியவை செவ்வனே திரும்பப் பூட்டப்பட்டனவா என்பதே அவ்வழக்கின் சாரம். உடைத்த சட்டியைப் பற்றி அவ்வாறு வழக்காட இடமில்லை.

கட்டுடைப்பு என்ற சொல்லால் விளையும் தீங்கு கட்டுரைகளிற் காணப்படுகின்றது. ஒரு காப்பியத்தின் சமூகநோக்கிற் குறைகண்டு, அதனைக் கட்டுடைத்ததாக எழுதுகின்றனர். அது கண்டனம். நூலின் சொற்களே நூல் நிறுவ முயலும் கருத்துக்கு எதிராய் நிற்குமிடத்தைக் காட்டுவதன்றோ தெரிதாவின் முறை! (அதனை முறை என்றலையும் அவர் உடன்படார்.) பகுப்பு என்றலும் பொருந்தாது. பகுபதத்தைப் பிரிப்போர் பகாத பகுதியைக் கண்டதும் அமைவர். அத்தகைய எளிய அடித்தளம் ஒன்றைத் தெரிதா ஏற்பதில்லை. தகர்ப்பமைப்போ அழித்தலையும் ஆக்கலையும் ஒருங்கே கூற முயன்று இரண்டையும் தெளிவாகக் கூறாதொழிகின்றது.

அவிழ்தல் முடிச்சுக்கும் உரியது, மலருக்கும் உரியது. இரண்டிடத்தும் பொருள் அழிவதில்லை, கட்டப்பட்டவாறு வெளிப்படுகின்றது. ஆதலிற் கட்டவிழ்ப்பே ஏற்புடைத்து. ஹைடெகரின் சொல்லிலுள்ள வன்மை இதில் இல்லையெனலாம். அது மெய்யே. ஆனால், தெரிதா அஞ்சி விலக்கியது அவ்வன்மை தரும் அழிவுப் பொருளையே.