புளிக்குழம்புக்கு எந்தச் சட்டி?

கவரிங் தோடு போட்ட காது அரித்துப் புண்ணாகும். கடிகாரத்தின் அடிப்பக்கம் பட்ட மணிக்கட்டு சிவக்கும். நிக்கல் ஒவ்வாமை பெரும்பாலும் இப்படித்தான் வெளிப்படுகிறது. முதுகில் பட்டை ஒட்டிப் பார்க்கும் ‘பேட்ச் டெஸ்ட்’டில் அது உறுதியானாலும், பலருக்கு உலோகம் தோலில் படாமல் பார்த்துக்கொண்டாலே போதும். சிலருக்கு மட்டும் சாப்பாட்டோடு உள்ளே போகும் நிக்கலே உள்ளங்கையில் கொப்புளமாகக் கிளம்பும். சமையல் பாத்திரத்தைப் பற்றி யோசிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

தமிழ்நாட்டில் அந்த யோசனை எவர்சில்வரில் போய் முட்டுகிறது. கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் 304 தரத்தில் 8 முதல் 10.5 சதவீதம் வரை நிக்கல் உண்டு. சோறு வடித்தால் அதிகம் கசியாது. புளிப்பும் நேரமும் கூடும்போதுதான் வம்பு. அமெரிக்காவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், தக்காளி சாஸை எவர்சில்வரில் ஆறு மணி நேரம் கொதிக்கவிட்டபோது அதன் நிக்கல் அளவு 26 மடங்கு வரை ஏறியது. பாத்திரம் பழகப் பழகக் கசிவு குறைந்ததே தவிர, பத்தாவது சமையலிலும் நிற்கவில்லை. நாம் யாரும் ரசத்தை ஆறு மணி நேரம் கொதிக்க வைப்பதில்லை, வாஸ்தவம்தான். ஆனால் வத்தக்குழம்பை அதே எவர்சில்வர் கிண்ணத்தில் மூன்று நாள் வைத்து, தினமும் சுடவைத்து, ‘நாளாக நாளாகத்தான் ருசி’ என்று சொல்கிற வீடுகள் எத்தனை!

பக்கத்து இலங்கையிலோ இப்படிப்பட்ட புளிப்பான கறிக்கு மண்சட்டி இன்னும் விலகிப் போகவில்லை. தென்கரையின் ‘அம்புல் தியல்’ நல்ல உதாரணம். சூரை மீன் துண்டுகளில் அரைத்த கொறுக்காப்புளி (குடம்புளி), மிளகு, உப்பு எல்லாவற்றையும் பிசிறி, வாழையிலை விரித்த சட்டியில் நெருக்கமாக அடுக்கி, தண்ணீர் வற்றும்வரை சிறுதீயில் வைப்பார்கள். மீன் கறுத்து இறுகி, குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே சில நாள் தாங்கும். அத்தனை நாளும் அந்தப் புளிப்பு ஒட்டிக் கிடப்பது மண்ணோடுதான். யாழ்ப்பாணத்தில் பழப்புளி விட்ட மீன்குழம்பும் சட்டியில் வைத்தால்தான் குழம்பு. கொழும்பு–கண்டி வீதியில் கேகாலையை அடுத்த மொலகொடையில், சாலையோரக் கடைகளில் சட்டிகள் அடுக்கடுக்காகக் கவிழ்ந்து கிடக்கும். வாங்குபவர் எவரும் நிக்கலுக்குப் பயந்து வாங்குவதில்லை, ருசிக்குத்தான் வாங்குகிறார்கள். ஒவ்வாமைக்காரருக்கு அந்த ருசியே காவலாகிவிடுகிறது.

நம்மிடம் மண்சட்டி இல்லாமல் இல்லை. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஆனால் நகரத்து வீடுகளில் பரணிலிருந்து சட்டி இறங்குவது ஞாயிற்றுக்கிழமை மீனுக்கு மட்டும். தினசரிப் புளியான சாம்பாரும் ரசமும் எவர்சில்வருக்குப் போய்விட்டன. என் கணக்கில் இரு நாட்டுச் சமையலறைகளுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுதான். மற்றபடி அலுமினியச் சோற்றுப்பானையும் பிரஷர் குக்கரும் அங்கேயும் உண்டு.

மண்சட்டி வாங்கும்போது மெருகு பூசாததாகப் பார்த்து வாங்க வேண்டும். பளபளக்கும் மெருகில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. பாரம்பரியம் என்பதாலேயே கல்சட்டியையும் நம்பிவிடக் கூடாது. மாக்கல்லில் இயற்கையாகவே நிக்கல் இருக்கக்கூடும். இண்டாலியத்துக்கு மாறலாமா என்றால், இந்தியாவில் செய்த சில இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து ஈயம் கசிவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025இல் எச்சரித்திருக்கிறது.

எவர்சில்வரை அடியோடு விட முடியாதவர்கள் கடைக்குக் காந்தம் எடுத்துப் போகலாம். “ஒட்டாதுங்க, அசல் சரக்கு” என்பார் கடைக்காரர். நிக்கல் ஆகாதவருக்கு ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும். 430 தரத்தில் நிக்கல் 0.75 சதவீதத்துக்குள்தான். அது காந்தத்தை இறுகப் பிடிக்கும். மலிவான 200 வரிசைப் பாத்திரமோ ஒட்டவும் ஒட்டாது, நிக்கலும் கொஞ்சம் இருக்கும். காந்தத்தை அடியில் வைத்துப் பார்த்து ஏமாறக் கூடாது. இண்டக்ஷனுக்காக அடியில் மட்டும் ஒட்டும் தகடு வைத்து, உள்ளே 304 போட்டிருப்பார்கள். பக்கச் சுவரில் வைத்துப் பார்க்க வேண்டும். குரோமியமும் ஒவ்வாதவருக்கு இந்த வழி உதவாது, 430இல் அது 16 சதவீதத்துக்குக் குறையாது.

பாத்திரத்தை மாற்றியும் கை ஆறவில்லை என்றால் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். பருப்பு, முந்திரி, சோயா, கோக்கோ ஆகியவற்றில் இயல்பாகவே நிக்கல் கூடுதல். சாம்பார் வீட்டுக்கும் இது பொருந்தும், மூன்று வேளையும் பருப்புக்கறி வைக்கும் இலங்கை வீட்டுக்கும் பொருந்தும். எதைக் குறைப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இண்டக்ஷன் அடுப்பு மட்டும் உள்ள அடுக்குமாடி வீட்டில் மண்சட்டிக்கு வழியில்லை. அங்கே எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டி தோதுப்படும். விலைதான் கடிக்கும். அது கைக்கு எட்டாவிட்டால், முழுக்கக் காந்தம் ஒட்டும் 430 பாத்திரத்தில் குழம்பைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்ததும் கண்ணாடிக் கிண்ணத்துக்கோ பீங்கானுக்கோ மாற்றிவிடலாம்.