ஒரே வரி போதுமா?

2011-ல் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆரம்பித்துவைத்த இலவச லேப்டாப் திட்டம் ஞாபகமிருக்கிறதா? அந்த லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பக்கத்தில் 'பாஸ்' என்கிற லினக்ஸும் உட்கார்ந்திருந்தது. டெபியன் லினக்ஸை வைத்து ஸி-டாக் நிறுவனம் செய்த நம்மூர்ச் சரக்கு.

இதில் புது மென்பொருள் போடுவது எப்படி என்று லினக்ஸ் பக்தர்களைக் கேளுங்கள். 'ஆப்ட்-கெட் இன்ஸ்டால்... ஒரே வரி சார்!' என்பார்கள். பொய்யில்லை. கேட்ட பொதியோடு, அதற்குத் துணைப் பொதிகளையும் அதுவே தேடிக் கொண்டுவந்து போட்டுவிடும். காசும் கிடையாது. ஜோர்தான்.

ஆனால், பொதிகள் இருப்பது எங்கோ ஒரு சர்வரில். ஆவடியில் நெட் இல்லாத வீட்டு ப்ளஸ் டூ பெண்ணை நினைத்துப் பாருங்கள். பென் டிரைவில் ஒரு பொதி கொண்டுவருவாள். அது இன்னொன்றைக் கேட்கும். அது மூன்றாவதை. கல்யாணச் சமையல்காரர் லிஸ்ட் மாதிரி நீளும். மூன்றாம் நாள் விண்டோஸுக்கே போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

இத்தனைக்கும் டெபியன் தன் பொதிகளை டி.வி.டி.க்களாகவும் வெளியிட்டது. பள்ளிக்கு ஒரு செட் இருந்தால் பிள்ளைகள் காப்பி எடுத்துக்கொள்ளலாம். நான் வெறும் பி.காம். எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான்: கடைக்குப் போகப் பஸ் காசு இல்லாதவனிடம் 'சரக்கு இலவசம்' என்றால், அது சலுகை இல்லை.