எல்லாக் கதவுக்கும் பூட்டு, ஆனாலும் காவல் இல்லை: ஜாவாவின் ‘வெக்டர்’ வகுப்பு பற்றி ஒரு மதிப்பீடு

“சார், எல்லா மெத்தட்லயும் பூட்டு போட்டுட்டேன். அப்புறமும் ஏன் சார் ஒரே சீட்ட ரெண்டு பேருக்கு விக்குது?”

பேருந்து டிக்கெட் விற்கும் நிரல் ஒன்றைப் பயிற்சிக்காக எழுதிய மாணவர் கேட்ட கேள்வி இது. ‘திரெட்’, ‘லாக்’ ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் கேட்கத்தான் அவர் என்னிடம் வந்தார். ‘இழை’, ‘பூட்டு’ என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் நிரலைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. அவர் செய்த பிழை அவருக்கு மட்டும் உரியதல்ல. ஜாவா மொழியோடு 1996இல் வெளிவந்த ‘வெக்டர்’ என்ற வகுப்பிலும் அதே குறை இருக்கிறது. ஒரு கதையை மதிப்பிடுவது போல அந்த வகுப்பை மதிப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் சிக்கல் என்ன? சுங்கை நீபோங் பேருந்து நிலையத்தில் இரண்டு கவுண்டர்கள் ஒரே இருக்கைப் பட்டியலைப் பார்த்து விற்பதாக வைத்துக்கொள்வோம். ஈப்போ பேருந்தில் மிச்சம் ஒரே ஓர் இருக்கை. முதல் கவுண்டர் பார்க்கிறது: ஒன்று இருக்கிறது. அது விற்பதற்குள் இரண்டாவது கவுண்டரும் பார்க்கிறது: ஒன்று இருக்கிறது. இரண்டும் விற்றுவிடுகின்றன. பார்த்தலுக்கும் விற்றலுக்கும் நடுவே இருந்த இடைவெளிதான் குற்றவாளி. நிரலில் ஒவ்வொரு கவுண்டரும் ஓர் இழை.

வெக்டரை எழுதியவர்கள் இந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். பட்டியலைத் தொடும் மெத்தட்களில் பெரும்பாலானவற்றுக்கு ‘சிங்க்ரனைஸ்டு’ என்ற அடைமொழியைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பூட்டு உண்டு. அதைப் பிடித்த இழை மெத்தடுக்குள் நுழையும், மற்றவை காத்திருக்கும். இதனால் இரு இழைகள் ஒரே நேரத்தில் சேர்த்தாலும் பட்டியலின் உள்ளமைப்பு சிதையாது. இந்தப் பாராட்டை வெக்டருக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

குறை அடுத்த படியில்தான் வருகிறது. ஓர் இழை “அளவு என்ன?” என்று கேட்கிறது. 10 என்று பதில் வருகிறது. பூட்டு விடப்படுகிறது. அந்த நொடியில் வேறோர் இழை கடைசி உறுப்பை நீக்கிவிடுகிறது. முதல் இழை “பத்தாவதைக் கொடு” என்கிறது. பத்தாவது இல்லை, நிரல் பிழை காட்டி நின்றுவிடுகிறது. இரண்டு மெத்தட்களும் தனித்தனியே சரி, சேர்த்துப் பார்த்தால் தவறு. தமிழ் வகுப்பில் நாம் தினமும் திருத்துவது இதைத்தானே? “மாணவர்கள்” சரியான சொல், “வந்தது” சரியான சொல். ஆனால் “மாணவர்கள் வந்தது” பிழையான வாக்கியம். வெக்டர் சொல்லுக்குச் சொல் காவல் போட்டது, வாக்கியத்தைக் காக்கவில்லை.

இதற்கு மாற்று உண்டு. பயன்படுத்துபவரே வெளியிலிருந்து அந்த வெக்டரின் பூட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு வேலைகளையும் முடிக்கலாம். ஆனால் பத்து இடங்களில் பிடித்து, பதினோராவது இடத்தில் மறந்தால் போச்சு.

இங்கே ‘பூட்டு’ என்ற சொல்லையும் கொஞ்சம் விமர்சிக்க வேண்டும். வீட்டுப் பூட்டு சாவி இல்லாதவனைத் தடுக்கும். நிரலின் பூட்டு, அதைக் கேட்டு வருபவனை மட்டுமே தடுக்கும். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் டோக்கன் வாங்கிய ஓட்டுநர் மட்டுமே ரயிலைச் செலுத்தும் முறையை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் வாங்காமல் புறப்படுபவரைத் தண்டவாளம் தடுக்காது. எல்லாரும் விதியை மதித்தால்தான் காவல். அதனால்தான் எழுதும் மெத்தடுக்கு மட்டும் பூட்டுப் போட்டு, படிக்கும் மெத்தடைத் திறந்து விடுவது தவறு. படிக்கும் இழைக்குப் பழைய மதிப்பே தெரியக்கூடும்.

மூன்றாவது குறை, செலவு. ஒரே இழை மட்டும் பயன்படுத்தினாலும் வெக்டர் பூட்டை விடுவதில்லை. 1998இல் ஜாவா 1.2 பூட்டில்லாத ‘அரேலிஸ்ட்’டைத் தந்தது. இழைப் பாதுகாப்பு தேவையில்லை என்றால் அதையே பயன்படுத்தலாம் என்று வெக்டரின் அதிகாரபூர்வ ஆவணமே சொல்கிறது. வெக்டரின் உடன்பிறப்பான ‘ஹேஷ்டேபிள்’ளிலும் இதே பாணிதான். 2004இல் ஜாவா 5 கொண்டுவந்த ‘கன்கரன்ட் ஹேஷ்மேப்’பில் “இல்லையென்றால் மட்டும் சேர்” என்ற வேலை பிரிக்க முடியாத ஒரே மெத்தடாக அமைந்தது. என் பார்வையில், பழைய பாணிக்குக் கிடைத்த நல்ல விமர்சனம் அந்த மெத்தட்தான்.

இது வெறும் தேர்வு விஷயமா? 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சுக் கருவியால் ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாகினர், சிலர் இறந்தனர். ஒரே தரவைப் பகிர்ந்த செயல்கள் முறையாக ஒருங்கிணைக்கப்படாதது அதன் காரணங்களில் ஒன்று. கருவியை இயக்கியவர் வேகமாகத் திருத்தம் செய்தபோதுதான் அந்தப் பிழை வெளிப்பட்டது. நூறு முறை சரியாக ஓடியது என்பதால் நிரல் சரி என்று சொல்லிவிட முடியாது.

மாணவரின் நிரலுக்கு வருவோம். “இருக்கிறதா?”, “விற்றுவிடு” என்று இருந்த இரண்டு மெத்தட்களை “இருந்தால் விற்றுவிடு” என்று ஒன்றாக்கி, ஒரே பூட்டுக்குள் வைத்தார். அவ்வளவுதான்.

தேர்வு எழுதுவோர் கவனத்திற்கு:

1. “பூட்டு போட வேண்டும்” என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தரவை எந்தப் பூட்டு காக்கிறது என்று குறிப்பிடுங்கள்.
2. பிரிக்கக் கூடாத செயல்கள் எவை என்று முதலில் கண்டுபிடியுங்கள். அவை முழுவதும் ஒரே பூட்டுக்குள் வர வேண்டும்.
3. படித்தல், எழுதுதல் இரண்டுக்கும் அதே பூட்டு.
4. இரண்டு பூட்டுகள் தேவைப்பட்டால் எல்லா இழைகளும் ஒரே வரிசையில் பிடிக்க வேண்டும். இல்லையேல் ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும் முட்டுக்கட்டை வரும்.
5. மாறாத தரவுக்குப் பூட்டே வேண்டாம். ஜாவாவின் ‘ஸ்ட்ரிங்’ அப்படிப்பட்டது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலைச்சொல்லைக் கொடுக்கும்போது அது எந்த இடத்தில் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். “பூட்டு போட்டாச்சு” என்று மாணவர் நிம்மதியாகும் இடத்தில்தான் பிழை ஒளிந்திருக்கிறது.