பிறைக் கணிப்பும் நூற்றுவீதமும்

பிறை தென்படுமா என்று சொல்லும் கணிப்பு மாதிரிகளை "இத்தனை வீதம் சரி" என்று புகழும் கட்டுரைகள் பெருகிவிட்டன. அந்த வீதத்தை நான் நம்புவதில்லை. 1884இல் அமெரிக்காவில் ஃபின்லி என்பவரும் சுழல்காற்று எதிர்வுகூறலில் இதே கணக்கைத்தான் போட்டார்: 2803இல் 96.6 வீதம் சரி. ஆனா, "சுழல்காற்று வராது" என்று சும்மா சொல்லிக்கொண்டிருந்தாலே 98.2 வீதம் கிடைத்திருக்கும்! வந்த 51 தடவைகளில் அவர் பிடித்தது 28தான்.

பிறையிலும் அதே கதைதான். மூன்றாம் பிறையை யார் காணமாட்டார்? சூரியனுக்கு முன்பே மறையும் சந்திரனை யார் காண்பார்? இவற்றையும் பட்டியலில் சேர்த்தால் எந்த மாதிரியும் பாஸ். 1997இல் யலொப் 295 அவதானங்களை வைத்து ஆறு வகுப்புகள் பிரித்தார். அதில் எல்லைக்கோட்டுப் பிறைகள் தனியே தெரிகின்றன, சோதிக்கவேண்டியது அங்கேதான்.

பிழைகளையும் ஒன்றாகக் கூட்டக் கூடாது. "தென்படும்" என்றது தென்படாவிட்டால் முகில் காரணமாயிருக்கலாம், முப்பதைப் பூர்த்தியாக்குவோம். "தென்படாது" என்றதை நம்பி உண்மையான சாட்சியைத் திருப்பியனுப்பினால், பெருநாளன்றும் நோன்பு பிடித்திருப்போம். அப்படிச் சொன்ன நாட்களில் எத்தனை தடவை நம்பத்தகுந்தவர்கள் பிறை கண்டார்கள்? சாட்சியை மறுக்க மாதிரியைக் கொண்டுவருகிறவர்கள் இந்த எண்ணையும் கையோடு கொண்டுவரட்டும்.