கரோல் லாம்பார்டின் நகைச்சுவை நடிப்பு: பேதைமையும் பாசாங்கும்

ஆய்வுச்சுருக்கம்

ஹாலிவுட் நடிகை கரோல் லாம்பார்டின் (1908–1942) நகைச்சுவையை அவரது பிறவி இயல்பாகக் காண்பது திறனாய்வில் வழக்கமாக உள்ளது. அவர் ஏற்ற முதன்மைப் பாத்திரங்கள் பலவும் பாசாங்கு செய்யும் பெண்கள் என்பதையும், அப்பாசாங்கு அதனை நம்புவோரின் மடனை வெளிப்படுத்துகிறது என்பதையும் மெய்ப்பாட்டியல் நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கரோல் லாம்பார்ட், நகை, மெய்ப்பாடு, பேதைமை, மடன், ஸ்க்ரூபால் நகைச்சுவை

முன்னுரை

தொல்காப்பியர் நகை என்னும் மெய்ப்பாட்டிற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் நிலைக்களன்களாகக் கூறுவார். பேதைமை என்பது அறிவின்மை. மடன் என்பது பிறர் புகட்டியதை ஏற்று, ஏற்றதை விடாதிருத்தல். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பது உரைமரபு. 1930களில் ஹாலிவுட்டில் 'ஸ்க்ரூபால்' எனப்படும் நகைச்சுவைப் படவகை தழைத்தது. விரைந்த உரையாடலும், செல்வர் வாழ்வின் கேலியும், ஆண்–பெண் மோதலும் அதன் கூறுகள். அவ்வகையின் முதன்மை நடிகையரில் ஒருவர் லாம்பார்ட். அவரது நாயகியர் மேலோட்டமாகப் பேதையராகவே தோன்றுவர். அவர்களிடம் காணப்படுவது பேதைமையா, பேதைமையின் பாவனையா என்பதே இங்கு எழும் வினா.

பயிற்சியும் 'இயல்பு' என்னும் கதையும்

இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேய்ன் நகரில் ஜேன் ஆலிஸ் பீட்டர்ஸ் என்னும் பெயருடன் பிறந்த லாம்பார்ட், சிறுமியாகவே திரையில் தோன்றியவர். கார் விபத்தொன்றில் முகத்தில் தழும்பு ஏற்பட்டபின், 1927 முதல் மாக் சென்னட்டின் நகைச்சுவைக் குறும்படங்களில் நடித்தார். துரத்தலும் விழுதலும் நிறைந்த அப்படங்கள், உடலசைவை நொடிக்கணக்கில் அமைக்கும் பயிற்சியை அவருக்கு அளித்தன.

ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ட்வென்டியத் செஞ்சுரி' (1934) அவருக்குத் திருப்புமுனையாயிற்று. ஒத்திகையில் விறைப்பாக நடித்த லாம்பார்டைத் தனியே அழைத்து, நடிக்க முயல்வதை விடுமாறு தாம் கூறிய பின்னரே அவர் மலர்ந்தார் என ஹாக்ஸ் பின்னாளில் சொல்லிவந்தார். 'இயல்பான நடிகை' என்னும் படிமத்திற்கு இக்கதை பெரிதும் துணைநின்றது. ஆனால் அப்படத்தின் கதையும் இதுவே என்பது கருதத்தக்கது. நாடகத் தயாரிப்பாளன் ஆஸ்கர் ஜாஃபி, மில்ட்ரெட் ப்ளாட்கா என்னும் எளிய பெண்ணை லில்லி கார்லண்ட் என்னும் நட்சத்திரமாக்குகிறான். ஒத்திகையில் அவளை ஊசியால் குத்தி அலறவைக்கிறான். அவளைத் தானே படைத்ததாகத் தருக்குகிறான். ஜான் பேரிமோர் நடித்த இப்பாத்திரத்தின் தருக்கைப் படம் எள்ளி நகைக்கிறது. ஹாக்ஸின் கூற்று பொய்யென்று கொள்ள வேண்டியதில்லை. எனினும் அதனை மட்டுமே சான்றாகக் கொள்ளும் திறனாய்வு, படம் எள்ளும் கருத்தையே வரலாறாக ஏற்றுவிடுகிறது. விறைப்பை விட்டவுடன் வெளிப்பட்ட திறன், சென்னட்டிடம் முன்னரே பயின்றதாகும்.

பாசாங்கின் படிநிலைகள்

'மை மேன் காட்ஃப்ரே' (1936) லாம்பார்டுக்கு அவரது ஒரே ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத்தந்தது. அதில் வரும் செல்வர் மகள் ஐரீன், காட்ஃப்ரேயின் பரிவைப் பெற மயங்கியதுபோல் நடிக்கிறாள். அதனை உணர்ந்த அவன் அவளைக் குளிர்நீரில் நனைக்கிறான். அவளோ அதனைக் காதலின் அடையாளமாகக் கொண்டு மகிழ்கிறாள். இங்குப் பாசாங்கு எளிதில் வெளிப்பட்டுவிடுகிறது. ஐரீனிடம் பேதைமை உண்மையாகவே உள்ளது. ஆதலின் இப்பாத்திரம் இக்கட்டுரையின் கருதுகோளுக்கு எல்லை வகுக்கிறது. 'ட்ரூ கன்ஃபெஷன்' (1937) படத்தின் ஹெலன் இதற்கு அடுத்த படிநிலை. பொய் புனையுமுன் நாவைக் கன்னத்திற்குள் துருத்தும் அவளது சிறு அசைவு, பொய் வருவதைப் பார்வையாளருக்கு முன்கூட்டியே அறிவிக்கிறது.

வில்லியம் வெல்மன் இயக்கிய 'நத்திங் சேக்ரட்' (1937) இதன் உச்சம். வெர்மான்ட் மாநிலத்து வார்சா என்னும் சிற்றூரில் வாழும் ஹேஸல் ஃப்ளாக், ரேடியம் நஞ்சால் இறக்கப்போவதாக நம்பப்படுகிறாள். நோய் இல்லை என்று மருத்துவர் கூறிய பின்னரும், நியூயார்க்கைக் காணும் ஆசையால் அவ்வுண்மையை மறைக்கிறாள். நாளிதழொன்று அவளைத் தியாக உருவாக்க, மாநகரே கண்ணீர் வடிக்கிறது. மற்போர் அரங்கிலும் ஆட்டத்தை நிறுத்தி மௌனம் காக்கின்றனர். உண்மை தெரிந்த பின்னரும் பொறுப்பிலுள்ளோர் பொய்யையே காக்கின்றனர். நாளிதழ் புகட்டியதை ஏற்று விடாதிருக்கும் இந்நகரின் நிலையே மடன். நாயகியின் பேதைமையில் தொடங்கிய நகை, சமூகத்தை எள்ளும் நகையாக இடம்பெயர்கிறது. அவ்விடப்பெயர்ச்சியை இயலச் செய்வது லாம்பார்டின் நடிப்பே: ஊரார் இரங்கும்போது அவர் முகத்தில் குற்றவுணர்வும் சலிப்பும் ஒருங்கே தோன்றுகின்றன.

பிழைப்பதற்கான நடிப்பு

எர்ன்ஸ்ட் லூபிட்சின் 'டு பி ஆர் நாட் டு பி' (1942) படத்தில் லாம்பார்ட் ஏற்ற பாத்திரம் போலந்தின் வார்சா நகர நாடக நடிகை மரியா டூரா. வதைமுகாம் காட்சியில் மின்னும் உடையணிந்து தோன்ற விரும்பும் தற்பெருமைக்காரியாக அவள் அறிமுகமாகிறாள். நாஜிப் படைகள் நகரைக் கைப்பற்றிய பின்னர், ஒற்றன் சிலெட்ஸ்கியை ஏமாற்ற அந்நடிப்புத் தொழிலே பயன்படுகிறது. முந்தைய படங்களில் ஆசைக்காகவும் விளையாட்டாகவும் செய்த பாசாங்கு, இங்கு உயிர்காக்கும் கருவியாகிறது. வன்முறையை நகைப்பொருளாக்கியது எனப் படம் அன்று கண்டிக்கப்பட்டது. ஆயினும் மரியாவின் புன்னகைக்குள் அச்சம் மறையாதிருத்தலைக் காணும்போது, நகை இங்கு அச்சத்தின் மறுப்பன்று, அதனோடு உடனுறைவது என்பது புலனாகும்.

முடிவுரை

போர்க்கடன் பத்திர விற்பனைக்காக இந்தியானாபொலிஸ் சென்று, இருபது இலட்சம் டாலருக்கும் மேல் திரட்டித் திரும்பும் வழியில், 1942 ஜனவரி 16 அன்று விமான விபத்தில் லாம்பார்ட் இறந்தார். அவருடைய இறுதிப்படம் அதன் பின்னரே வெளிவந்தது. விமானப் பயணத்தில் என்ன நேர்ந்துவிடும் என்னும் பொருள்பட அதில் இடம்பெற்ற வசனம் நீக்கப்பட்டது. அவலமான அம்முடிவும், கிளார்க் கேபிளுடனான மணவாழ்வும் அவரது கலையை மறைத்தன. 1976இல் வந்த வாழ்க்கைப் படமும் 'கேபிள் அண்ட் லாம்பார்ட்' என அவரை இணையருள் ஒருவராகவே நினைவுகூர்ந்தது. நடிப்பையே பொருளாகக் கொண்டு நடித்தவர் என்பதே அவர் மரபின் மையம். அவரை இயல்பால் சிரிக்கவைத்தவர் எனப் புகழ்வது, அவரது பாசாங்கை நம்பிய நியூயார்க் நகரத்தாரின் மடனை ஒத்ததே.